நங்கூரத் தெருவில் நின்றுபோன முகம்

இருட்டிய பிறகு கேட்ட அந்தச் சத்தத்தைப் பூனை என்றுதான் முதலில் நினைத்தேன், பிறகு காய்ந்த சிப்பிகளின் மேல் யாரோ நடக்கிறார்கள் என்று நினைத்தேன், பிறகு பிள்ளையை மடியிலிருந்து இறக்காமல் காதை மட்டும் கதவுப் பக்கம் திருப்பிக் கேட்டபோது அது ஒரு செருப்புக் காலடி என்று தெரிந்தது, இடது குதிகாலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற காலடி, தொடங்கிப் பாதியில் நின்று, மறுபடி அதே இடத்திலிருந்து தொடங்கி, மறுபடி அதே பாதியில் நின்று, சர்ர், சர்ர், சர்ர் என்று குதிகால் தரையில் பதியாமலே ஒரு மணி நேரம் என் வாசலில் நடந்துகொண்டிருந்தது. குதிகாலை அப்படி இழுத்து நடப்பவர் எங்கள் தெருவில் ஒருவர்தான். அவர் என் வீட்டுக்காரர் ரெமி. அவர் போன தோணியைத் தேடிப் போன கப்பல் அன்று மத்தியானம்தான் வெறுங்கையோடு துறைமுகத்துக்குத் திரும்பியிருந்தது.

கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் போடவில்லை. தூத்துக்குடியில் மற்றத் தெருக்களில் எப்படியோ, எங்கள் நங்கூரத் தெருவில் தோணிக்குப் போன ஆளின் வீட்டில் உள்தாழ்ப்பாள் போடுவதில்லை. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் தண்ணீருக்கு மேல் எவ்வளவு தூரமானாலும் போகும், அதைக் கேட்ட மனுசன் வீடு திரும்ப மாட்டான் என்பார்கள். மனுசன் வராமலே போய்விட்டால், கோயிலில் இறந்தவர் பூசை முடிந்த அன்று சாயந்தரம் வீட்டுக்காரி தன் கையால் தாழ்ப்பாளைப் போடுவாள், அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் தெரு சாப்பிட உட்காரும். மாலத்தீவுக்கு வெங்காயமும் முட்டையும் செங்கலும் ஏற்றிப்போன அந்தத் தோணியில் ஏழு பேர். கப்பல் திரும்பி ஒரு மாதத்துக்குள் ஆறு வீட்டில் தாழ்ப்பாள் விழுந்தது. ஏழாவது வீடு என்னுடையது.

நான் போடாததற்குக் காரணம் கப்பல் திரும்பிய மறுநாள் காலையில் ரொட்டிக்காரர் வடிவில் வந்தது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு வாசலில் நின்றவரின் நெற்றி அவருடைய நெற்றியாக இல்லை. புருவத்துக்கு மேலே ஒரு பட்டையாக, அளவுகோல் வைத்து வெட்டி ஒட்டியதுபோல, ஓரங்களில் பச்சையும் ஊதாவுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் உதிர, ரெமியின் நெற்றி இருந்தது. பாய்மரக் கயிறு அடித்த பழைய தழும்பும் அதில் இருந்தது. ரொட்டிக்காரர் கண்ணாடி பார்த்திருக்கவில்லை. நான் சொன்னதும் தடவிப் பார்த்து, "வலி ஒண்ணும் இல்லம்மா, லேசாக் குளுருது" என்று சொல்லிவிட்டு, எப்போதும்போல இரண்டு பன்னை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் வாசலுக்கு நேரே ஒரு மின்கம்பம் இருக்கிறது, அதில் தெருச் சங்கத்தின் கண்காணிப்புக் கேமரா இருக்கிறது. அதன் பதிவுப் பெட்டி என் முன்னறையில், இயேசுவின் திரு இருதய சுரூபத்துக்குக் கீழே, பக்கத்தில் மின்சாரம் இருக்கிறது என்பதற்காக வைக்கப்பட்டது. சுரூபத்துக்கு ஒரு சிவப்பு விளக்கு, பெட்டிக்கு ஒரு சிவப்பு விளக்கு, என் மகள் லிடியா படுத்த படுக்கையில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துத்தான் பார்க்கவே பழகினாள். சங்கிலி பறிப்பு நடந்த வருசம் அதைப் பொருத்தியவன் கேபிள் கிங்ஸ்லி, ரெமியை அண்ணன் என்றும் என்னை மைனி என்றும் கூப்பிடுகிறவன். தவக்காலம் நாற்பது நாள் என்பதால் பதிவும் நாற்பது நாள் நிற்க வேண்டும் என்று சங்கத் தலைவர் தொபியாஸ் மாமா பிடிவாதம் பிடித்தார், பெட்டியிலோ பத்து நாளுக்குத்தான் இடம் இருந்தது. கிங்ஸ்லி ஒரு வழி கண்டுபிடித்தான்.

"முழுப்படந்தான் மைனி எடத்த அடைக்கும்" என்று அன்றைக்கு எனக்கு விளக்கினான். "தெரு, சுவரு, கம்பம் எல்லாத்தையும் எதுக்கு நிமிசத்துக்கு நிமிசம் எழுதணும்? அது அங்கனதான கெடக்கு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு முழுப்படம், விடியக்கால நாலு மணிக்கு. மத்த நேரம் எது அசையுதோ அத மட்டும் எழுதும். முன்ன எடுத்த முழுப்படத்து மேல அசைவ ஒட்டிக்கிட்டே போகும்."

நன்றாகத்தான் ஓடியது. ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு ரெமி பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிறங்கி, கம்பத்தடியில் நின்று திரும்பி, என் கைமடிப்பில் தூங்கிய மூன்று மாதப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எடுத்த முழுப்படத்தோடு பெட்டி நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு முழுப்படம்கூட அது எடுக்கவில்லை என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. தெருவில் அசைந்தவர்களை எல்லாம் அது அவர் மேலேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கப்பல் வெறுங்கையோடு திரும்பிய நாளிலிருந்து, பெட்டிக்குள் நடந்தது தெருவிலும் நடக்கத் தொடங்கியது. அவ்வளவுதான். இதற்குமேல் காரணம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கம்பத்தைக் கடந்து போனவர்கள் எல்லாரும் அவரில் கொஞ்சம் கொஞ்சம் கொண்டுபோனார்கள். இடியாப்பம் விற்கும் பெர்னதெத் அக்காவுக்கு இடது தோள் வந்தது, நீலக் கட்டம் போட்ட சட்டையோடு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மீசை வருகிறதா என்று பார்க்கக் கம்பத்தடியில் முன்னும் பின்னும் ஓடினார்கள், கிடைத்தவர்கள் மத்தியானம்வரை அதை முறுக்கிக்கொண்டு திரிந்தார்கள். திரும்பக் கம்பத்தைக் கடந்தால் போய்விடும், கடக்கும் வரை இருக்கும். பெண் பார்க்க வருகிறவர்களைப் பின்சந்து வழியாக அழைத்துவந்தார்கள். பங்குச்சாமி, பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவர்கள் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும் என்று பிரசங்கத்தில் சொன்னார், வாய் ஒருவருடையதும் பாவம் இன்னொருவருடையதுமாக இருந்தால் தண்டனையை யாருக்குக் கொடுப்பது என்று அவருக்குக் குழப்பமாக இருந்தது.

சங்கம் கூடி ஒரு தீர்மானம் எழுதியது: ரெமிஜியுஸின் எந்தப் பாகம் யாருக்கு வந்தாலும், அதை விளக்கு வைப்பதற்குள் அவர் மனைவி ஜெசிந்தாவிடம் கொண்டுபோய்க் காட்டிவிட வேண்டும்.

காட்டினார்கள். நாலு மணிக்குமேல் வாசலில் வரிசை நிற்கும். நான் பால் விடாத கட்டஞ்சாயா போட்டு வைப்பேன். "இந்தா பாத்துக்கோளா, இன்னைக்கு முழங்கை வந்திருக்கு" என்று பெர்னதெத் அக்கா கையை நீட்டுவாள். ஐஸ் கம்பெனிக்காரர் குனிந்து காதைக் காட்டுவார். லிடியா ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பாள். உட்காரப் பழகினாள், தவழப் பழகினாள், தெருவில் யாரைப் பார்த்தாலும் கையை நீட்டித் தூக்கச் சொல்லப் பழகினாள். என் வீட்டுக்காரர் இப்படி வாரத்தில் ஏழு நாளும் துண்டு துண்டாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். பூசை வைக்க நாள் குறிக்கலாமா என்று பங்குச்சாமி கேட்டனுப்பியபோது, "தெனமும் வாறவருக்கு எப்படி சாமி பூசை வைக்கிறது?" என்று சொல்லியனுப்பினேன்.

மார்கழி முடிந்து, எங்கள் தெருவைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சென்னையிலிருந்து நிலோஃபர் என்று ஒருத்தி வந்தாள். கலைக்கல்லூரியில் படித்தவள், மெலிந்தவள், இரண்டு மடிக்கணினியும் ஒரு மாற்றுத் துணியும் கொண்டுவந்து பெர்னதெத் அக்காவின் மாடியில் தங்கினாள். கணினியில் நல்ல படங்களை வேண்டுமென்றே உடைத்து, கட்டம் கட்டமாகச் சிதறவிட்டுக் கண்காட்சி வைப்பதுதான் அவள் தொழில். அதற்கு ஆட்கள் வருவார்களா என்று அக்கா கேட்டதற்கு, வெளிநாட்டிலிருந்துகூட வருவார்கள் என்றாள்.

"படம் ஒழுங்கா இருக்கற வரைக்கும் நாம கருவியையே பார்க்கறதில்லைக்கா. நேரா மனுஷனைப் பார்க்கறதா நினைச்சுக்கறோம். உடையும்போதுதான் நடுவுல ஒண்ணு உட்கார்ந்திருக்கு, அதுதான் இவ்வளவு நாளும் நமக்கு எதைக் காட்டணும்னு முடிவு பண்ணிட்டு இருந்துச்சுன்னு தெரியும். பிழைதான் கருவியோட கையெழுத்து."

பெர்னதெத் அக்கா இடியாப்பத் தட்டைக் கவிழ்த்தாள். "வலை கிழிஞ்சாத்தான் வலையே தெரியும்னு சொல்லுத. சரிதான். கிழிஞ்சபெறவு மீனு எப்படி பிடிக்க?"

"மீன் பிடிக்கறது என் வேலை இல்லைக்கா."

"அதான் பாத்தேன். உடம்பு அப்படி காஞ்சி கெடக்கு. சாப்பிடு."

நிலோஃபர் ஒரு மாதம் என் முன்னறையில் பெட்டியோடு உட்கார்ந்து, அதிலிருந்து படங்களை எடுத்து, ஆளுயரத்துக்கு அச்சடித்து, பங்கு மண்டபத்தில் வரிசையாகத் தொங்கவிட்டாள். ஒவ்வொன்றிலும் தெருவில் யாரோ நடக்கிறார்கள், நடக்கிற தடத்தில் எல்லாம் ரெமி ஈரச் சாயம்போல இழுபட்டுக் கிடக்கிறார். அவளோடு சென்னையிலிருந்து வந்தவர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு தூர நின்று பார்த்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போய், சுரூபத்தை முத்தி செய்வதுபோலப் படங்களைத் தொட்டு விரலை முத்தமிட்டார்கள். சாயந்தரத்துக்குள் ஒரு படத்தின் கீழே மெழுகுவர்த்தி வந்துவிட்டது. நிலோஃபர் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

"இது அவர் இல்லை ஜெசிந்தா. இது பிழை. பிழையைப் பார்க்கச் சொல்லித்தான் மாட்டினேன்."

"நாங்கள் சுரூபக் கூட்டின் கண்ணாடியை எல்லாம் பார்ப்பதில்லை" என்றேன். "அதுக்குள்ளே இருக்கிறவரைப் பார்க்கிறோம்."

அவள் எழுந்து போய் மெழுகுவர்த்தியைப் படத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தாள். போகிற அன்று கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாள். பெட்டியை ஒரு தடவை அணைத்துப் போட்டால் போதும், புதிதாக ஒரு முழுப்படம் எடுத்துக்கொள்ளும், எல்லாம் சரியாகிவிடும், அவர் போய்விடுவார். அணைக்கச் சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை, அணைக்காதே என்று சொல்லவும் வரவில்லை. சங்கத்தில் நான் இதைச் சொன்னபோது தொபியாஸ் மாமா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பெட்டி ஜெசிந்தா வீட்டுல, ஆளும் ஜெசிந்தா ஆளு. அவ சொல்லட்டும்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிள்ளையின் மூக்கைத் துடைத்தேன்.

அந்தக் கூட்டத்தில் கிங்ஸ்லியும் இருந்தான்.

அசைவுதான் படத்தை இழுக்கிறது, அசைவதால்தான் ஆளுக்கொரு துண்டு கிடைக்கிறது என்பதைத் தெருவில் அவன் ஒருவனுக்குத்தான் சரியாகத் தெரியும். அசையாமல், ரெமி நின்ற அதே இடத்தில், அதே பக்கம் திரும்பி நின்றால், துண்டாக வராது. பங்குனியில் அவன் நிற்கத் தொடங்கினான். ஏணியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, வயர்ச்சுருள் தோளில் தொங்க, வேலை முடிந்த சாயந்தரங்களில் கம்பத்தடியில் கால்மணி நேரம், அரைமணி நேரம் மூச்சையும் மெல்ல விட்டுக்கொண்டு நின்றான். முதல் வாரம் தாடை வந்தது. அடுத்த வாரம் தாடையும் கன்னமும். தும்மினால் எல்லாம் போய்விடும், மறுநாள் முதலிலிருந்து நிற்பான்.

தெரு முதலில் சிரித்தது. "லேய், காக்கா ஒன்ன கம்பம்னு நெனச்சிறப் போவுது" என்று பையன்கள் கத்தினார்கள். பிறகு அவன் நிற்கிற நேரத்தில் சைக்கிளை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு அவன் மேல் உட்காரும் ஈயை ஓட்டிவிட்டார்கள். பிறகு, யாரும் எதையும் பேசி முடிவு செய்யாமலே, அவன் எதற்காக நிற்கிறான் என்பது எல்லாருக்கும் சம்மதமாகிவிட்டது.

"நல்லா நிக்காம்ளா" என்றாள் பெர்னதெத் அக்கா, இடியாப்பப் பொட்டலத்தை என் கையில் வைத்துக்கொண்டே. "வலது காதுதான் பாக்கி."

"வந்தால் என்ன செய்வான் அக்கா?"

"என்ன செய்வான். வீட்டுக்கு வருவான். காட்டணும்னுதான தீர்மானம்."

"காட்டிவிட்டுப் போய்விடுவானா?"

அக்கா தெருவைப் பார்த்தாள். "கெட்டவன் இல்லளா. ஒத்தக்கட்ட. பிள்ளைக்கும் ஒரு மொகம் வேணும்லா. கண்ணும் மூக்கும் ரெமியோடதா இருந்தா, உள்ள யாரு இருந்தா என்ன? எந்தப் பொம்பளைக்கு உள்ள இருக்கிறது யாருன்னு தெரியும்?" சொல்லிவிட்டுச் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கதவு தொறந்துதான கெடக்கு" என்றாள்.

அதுதான். கதவு திறந்துதான் கிடந்தது. தாழ்ப்பாளைப் போட்டால் நான் அவரைக் கொன்றவள், போடாவிட்டால் யார் வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு வரலாம். நான் கதவுக்குப் பின்னால் தையல் மிஷினை இழுத்துப் போட்டேன், பகலில் தள்ளிவைத்தேன். நான் படித்த கான்வென்டில் வரைதல் எடுத்த சிஸ்டர் ஜெனோவேவா ரப்பரை உபயோகிக்க விடமாட்டார், தப்பாய்ப் போட்ட கோட்டை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடச் சொல்லுவார். எனக்கு எது தப்பான கோடு என்றே தெரியவில்லை. பாதிக் காலடி ஒவ்வொரு நாளும் இருட்டியதும் சர்ர், சர்ர் என்று வாசலில் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டேதான் லிடியா தூங்கினாள், அது இல்லாமல் தூங்கமாட்டாள் என்றும் ஆகிவிட்டது. ஆனியில் அவளுக்கு நாலு பல் முளைத்திருந்தது. என் சேலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள்.

ஆடி பிறந்த மூன்றாம் நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் தெரு முழுக்கச் சத்தம் அடங்கியது. பெர்னதெத் அக்காவின் ரேடியோ நின்றது. நான் ஜன்னலுக்குப் போகவில்லை. வெளியே யாரோ மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது, பிறகு செருப்புச் சத்தம், அது இழுத்து வைக்கிற நடை இல்லை, சாதாரண நடை, நாலு எட்டு. கதவு தானாகத் திறந்ததுபோல மெதுவாகத் திறந்தது.

ரெமி நின்றார். துண்டு துண்டாக இல்லை, கட்டங்கள் உதிரவில்லை, ஓரத்தில் பச்சையும் ஊதாவும் இல்லை. நெற்றித் தழும்பு, நீலக் கட்டச் சட்டை, தோளில் பை, வலது காதும் வந்திருந்தது. அவருக்குப் பின்னால் தெரு முழுக்கக் கைகூப்பி நின்றது. தொபியாஸ் மாமா தொப்பியைக் கழற்றியிருந்தார். பெர்னதெத் அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

அவர் சிரித்தார். ஒன்பது மாதத்துக்கு முன்னால் விடியற்காலையில் சிரித்த அதே சிரிப்பு, அதே அளவு. வாங்க என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன், அதை ஒத்துக்கொள்கிறேன்.

அப்போது லிடியா என் சேலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, நாலு பல்லையும் காட்டி, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் அந்த முகத்தைப் பார்த்து நீட்டினாள். முகம் அவளைப் பார்க்கவில்லை. அந்தக் கண்கள் என் இடது கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன, முழங்கை மடிப்பில், மூன்று மாதப் பிள்ளை படுத்திருந்த இடத்தில். அங்கே ஒன்றும் இல்லை. கை வெறுமையாக இருந்தது. லிடியா "ஆ, ஆ" என்று கூப்பிட்டாள், காலைத் தட்டினாள், அழத் தொடங்கினாள், அவர் அதே அன்போடு, அதே ஆசையோடு என் வெறுங்கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார். அந்த முகத்துக்குத் தெரிந்த பிள்ளை அதுதான். இந்தப் பிள்ளையை அது பார்த்ததில்லை, இனிமேல் பார்க்கப் போவதும் இல்லை.

"மைனி" என்றது முகம், கிங்ஸ்லியின் குரலில். "உள்ள வரட்டா?"

நான் லிடியாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். சுரூபத்துக்குக் கீழே குனிந்து, பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். இரண்டு சிவப்பு விளக்கில் ஒன்று அணைந்தது.

நிமிர்ந்தபோது வாசலில் கிங்ஸ்லி நின்றான், கண்ணுக்குக் கீழே கறுத்து, நாலு மாதம் வெயிலில் நின்ற மனுசனின் தோலோடு. தோளில் வயர்ச்சுருள் இருந்தது. தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தான்.

"இவ்வளவு நாளு நின்னேன் மைனி" என்றான். "அசையாம நின்னேன்."

"தெரியும் கிங்ஸ்லி. வீட்டுக்குப் போ."

"பிள்ளைக்காகத்தான்..."

"பிள்ளை நடக்கப்போகிறாள்" என்றேன். "போ."

போனான். கம்பத்தைக் கடக்கும்போது அவன் மேல் எதுவும் வரவில்லை. தெருக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், எல்லாருக்கும் அவரவர் முகம் மட்டுமே இருந்தது, அது போதாததுபோலத் தடவிக்கொண்டார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. பெர்னதெத் அக்கா மட்டும், "அணைச்சிட்டியா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். "பூசைக்குச் சாமிகிட்டச் சொல்லிருதேன்" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். பூசை முடிவதற்கு முன்னால் தாழ்ப்பாள் போடக் கூடாது என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகு வாசலில் அந்தச் சத்தம் தொடங்கியது, சர்ர் என்று, எப்போதும் நிற்கிற பாதிவரை வந்தது, நான் பிள்ளையை இறுக்கிக்கொண்டு நின்றேன். அது நிற்கவில்லை. குதிகால் தரையில் பதிந்தது. அடுத்த காலை எடுத்தது, அதையும் வைத்தது. படியிலிருந்து கம்பம், கம்பத்திலிருந்து ஐஸ் கம்பெனி, அங்கிருந்து துறைமுக ரோட்டு முனை என்று இழுத்து இழுத்து நடந்து போனதை, இனிக் கேட்காது என்கிற தூரம்வரை, கதவில் காதை வைத்துக் கேட்டேன். லிடியா தூங்கிவிட்டாள்.

தாழ்ப்பாள் ஒன்பது மாதம் அசையாமல் உப்புக்காற்றில் துரு ஏறிக் கிடந்தது. தள்ளினேன், பாதியில் நின்றது. பின்னுக்கு இழுத்து மறுபடி தள்ளினேன், மறுபடி அதே பாதியில் நின்றது. பிள்ளையை ஒரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, மற்றத் தோளால் கதவை அழுத்திப் பிடித்து, மூன்றாவது தடவை கடைசிவரை தள்ளினேன்.